உண்டு என்று சொன்ன வாய்

அய்யா துணை

விடியற்காலையில் எழுந்து குளித்து, தலைப்பாகை கட்டி, நெற்றியில் திருநாமம் தரித்துத் தாங்கலுக்கு நடக்கிற வழியில் எதிரே ஒருவர் வந்தால், அன்புக்கொடி மக்களின் வாயிலிருந்து முதலில் வருவது "அய்யா உண்டு" என்ற சொல்தான். எதிரே வருபவரும் அதையே திருப்பிச் சொல்வார். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் மகன் போன் செய்தாலும் ஹலோ என்பதற்குப் பதிலாக "அய்யா உண்டு" என்று தொடங்குகிற வீடுகள் பல. கலியாணப் பத்திரிகையின் உச்சியில் அதுவே. புதுவீட்டு வாசலிலும் அதுவே.

இந்தச் சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அய்யா தருவார் என்று அது சொல்லவில்லை. அய்யா தண்டிப்பார் என்றும் சொல்லவில்லை. அய்யா உண்டு, அவ்வளவுதான். தமிழில் உண்டு என்பது நிறைந்த சொல். கையில் காசு உண்டு என்றால் மனம் தெளிகிறது. ஊரில் மழை உண்டு என்றால் நிலம் வைத்திருப்பவன் முகம் மலர்கிறது. வீட்டில் ஆள் உண்டு என்றால் இருட்டில் வருகிறவனுக்குத் தைரியம் வருகிறது. பசித்தவன் வயிறாரச் சாப்பிட்டு எழுவதற்கும் உண்டு என்றே பெயர். இத்தனை நிறைவான ஒரு சொல்லை அய்யாவின் பெயரோடு சேர்த்து நாள்தோறும் சொல்லும் பேறு இந்த மக்களுக்குக் கிடைத்திருக்கிறது.

ஆனால் தாங்கலிலிருந்து வீடு திரும்பி முற்றத்தில் கால் வைத்ததும் அதே வாய் என்ன சொல்கிறது? "உனக்கு அறிவு இல்லை." "இந்த வீட்டில் ஒரு ஒழுங்கு இல்லை." "நீ செய்ததில் ஒன்றும் உருப்படி இல்லை." "உன் அப்பன் வீட்டில் இதெல்லாம் சொல்லித் தரவே இல்லை." சாலையில் உண்டு, வீட்டுக்குள் இல்லை. காலை முதல் இரவு வரை ஒரு வீட்டில் எத்தனை முறை இல்லை என்ற சொல் மற்றவர் மீது எறியப்படுகிறது என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தால் தலைப்பாகை கட்டிய தலை தானாகக் குனியும். திருநாமம் இருப்பது நெற்றியில். அதற்கு நான்கு விரல் கீழே இருக்கிறது நாக்கு. அந்த நான்கு விரல் தூரத்தைக் கடக்க முடியாமல்தான் பலருடைய பக்தி நெற்றியோடு நின்றுவிடுகிறது.

அய்யாவழி மக்களுக்கு இது சாதாரணக் குற்றம் ஆகாது. மற்ற எவரையும்விட அவர்களுக்கே இழிசொல்லின் வலி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குக் காரணம் உண்டு.

1809ஆம் ஆண்டு, இன்றைய சாமித்தோப்பில், பொன்னு நாடாருக்கும் வெயிலாள் அம்மைக்கும் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் ஆசையோடு இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். பனையேறும் ஏழை வீட்டில் முடி என்ற சொல்லும் பெருமாள் என்ற சொல்லும் ஒலிக்கலாமா என்று மேல்சாதியார் பொறுக்கவில்லை. பெயர் மாற்றப்பட்டது. முத்துக்குட்டி என்று அழைக்கப்பட்டார். பெற்ற பிள்ளைக்கு விரும்பிய பெயரைக்கூட வைக்க முடியாத காலம் அது. திருவிதாங்கூர் நாட்டில் தலைக்கு வரி, பனைக்கு வரி, கூலியில்லாத ஊழியம். தோளில் துணி போடக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, இன்னாருக்கு இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும். வரியும் ஊழியமும் உடம்பை வாட்டின. உள்ளத்தை வாட்டியது பேச்சு. வயதான பெரியவரைச் சின்னப் பையன் பெயர் சொல்லி அழைப்பான். பிள்ளை பெற்ற தாயை நாயை விரட்டுவது போல விரட்டுவான். அதற்கு எதிர்வார்த்தை பேசவும் உரிமை கிடையாது.

அப்படிப்பட்ட மக்களிடம் வந்துதான் அய்யா பேசினார். அவர் அவர்களை அழைத்த சொல் "மக்கள்". தெற்கே குமரிப் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு தனி வாசனை உண்டு. பெற்ற தாய் ஒரே ஒரு பிள்ளையைக் கொஞ்சும்போதும் "மக்ளே" என்றுதான் கூப்பிடுவாள். கூட்டத்தைக் குறிக்கும் சொல் அங்கே மடியில் கிடக்கும் குழந்தைக்கு உரிய சொல் ஆகிவிடும். இழிசொல்லையே கேட்டு வளர்ந்த காதுகளில் அய்யாவின் வாயிலிருந்து வந்த அந்தச் சொல் விழுந்தபோது என்ன நடந்திருக்கும்! தலை நிமிர்ந்தது. தலையில் துணி கட்ட உரிமை இல்லாதவர்களிடம், தலைப்பாகை கட்டிக்கொண்டே என் முன் வந்து நில்லுங்கள் என்றார் அய்யா. முதலில் சொல் வந்தது, பிறகு தலைப்பாகை வந்தது.

இன்று அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் கல் வீடு கட்டி வாழ்கிறார்கள். வெளியே அவர்களை ஒருவன் மரியாதை குறைவாகப் பேசினால் ஊரே திரளும், திரளவும் வேண்டும். ஆனால் அந்தக் கல் வீட்டின் அடுக்களைக்குள் மருமகளைப் பார்த்து, படுக்கையில் கிடக்கும் கிழவரைப் பார்த்து, பரீட்சையில் மதிப்பெண் குறைந்த பிள்ளையைப் பார்த்துப் பேசப்படும் பேச்சு எங்கிருந்து வந்தது? அன்று வாசலுக்கு வெளியே நின்று பேசியவனின் பேச்சுத்தான் இன்று வாசலைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. அய்யா வெளியே விரட்டிய நீசத்தை வீட்டுக்காரரே கூப்பிட்டுப் பாய் போட்டு உட்கார வைப்பது எவ்வளவு கொடுமை.

பள்ளியறையில் சிலை இல்லை. கண்ணாடியும் அதன் முன் விளக்கும் இருக்கின்றன. தரிசிக்க நிற்பவர் தம் முகத்தையே அங்கே காண்கிறார். உனக்குள் இருக்கிற என்னைப் பார் என்பதாக அடியார்கள் அதற்குப் பொருள் சொல்வார்கள். அந்தக் கண்ணாடியின் முன் மனைவியும் வந்து நிற்கிறாள். மாமியாரும் வந்து நிற்கிறாள். வேலை இல்லாத தம்பியும் வந்து நிற்கிறான். அவர்கள் முகத்தையும் அதே கண்ணாடி அதே விளக்கொளியில்தான் காட்டுகிறது. அங்கே கைகூப்பிவிட்டு வீட்டில் அதே முகத்தைப் பார்த்துக் காறித் துப்பாத குறையாகப் பேசினால், கைகூப்பியது எந்த முகத்தை?

நன்றியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அயலார் ஒரு குடம் தண்ணீர் தூக்கிக் கொடுத்தால் அது உதவி. வீட்டில் உள்ளவள் முப்பது வருடம் தண்ணீர் கோரினாலும் அது கடமை. இந்தக் கடமை என்ற சொல்தான் குடும்பங்களில் நன்றியைக் கொன்று புதைத்த சொல். "அவன் மகன், பார்க்கத்தானே வேண்டும்?" "அவள் பெண்டாட்டி, பொங்கத்தானே வேண்டும்?" இந்த "தானே" எத்தனை கைகளின் பாட்டை ஒரே வாயில் விழுங்கிவிடுகிறது!

அகிலத்திரட்டு அம்மானை கூறும் முதல் யுகத்தின் அசுரன் குறோணி. அவனுக்கு மலை போன்ற உடல், அதைவிடப் பெரிய பசி. கடல் நீரை எல்லாம் குடித்தான், பசி ஆறவில்லை. கயிலையையே எடுத்து விழுங்கினான். எதை விழுங்கினோம், அது யாருடையது, அதனால் என்ன அழிந்தது என்று ஒரு கணம்கூட அவன் எண்ணியதில்லை. மாயோன் தவமிருந்து வரம் பெற்று அவனை ஆறு துண்டாக வெட்டினார். அந்தத் துண்டுகளே யுகந்தோறும் அசுரராகப் பிறந்து, கடைசியில் கலியாக வந்தன என்கிறது அகிலம். ஏடு கேட்கிறவர்கள் குறோணியின் கதையைக் கேட்டு வியந்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். வீட்டில் ஒருவர் உழைப்பை எல்லாம் விழுங்கிவிட்டு, "எனக்கு இந்த வீட்டில் யார் என்ன செய்தார்கள்?" என்று கேட்கிற வாய் எந்தத் துண்டிலிருந்து வந்தது என்பதையும் யோசிக்கலாம்.

இதற்கு எதிராக அய்யா காட்டிய படம் துவையல் தவசு. 700 குடும்பத்தார் வீடு வாசலை விட்டுக் கடற்கரையில் வாகைப்பதிக்குப் போய்க் கூடினார்கள். துணி துவைப்பதும் குளிப்பதும் நாளுக்கு மூன்று முறை. பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துப் பொங்கிய எளிய உணவு. உப்புக்காற்று, வெயில், நோய், வறுமை எல்லாம் இருந்தன. ஓலைக்குடிசையில் நெருங்கி வாழ்ந்த அத்தனை குடும்பங்களில் எத்தனை பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பயற்றுக் கஞ்சியைப் பொங்கியிருப்பார்கள்! துவைத்தல் என்றால் துணியின் அழுக்கு மட்டுமா போகும்? கூட்டமாக வாழ்கிறவர்களுக்கு முதலில் துவைக்க வேண்டியது வாய். அடுத்த அடுப்புக்காரி உப்புக் கடன் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்கப் பழகியவர்களே அந்தத் தவசை நடத்தியிருக்க முடியும். சாமித்தோப்பின் முத்திரிக் கிணறும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. ஒரே கிணற்றில் எல்லாச் சாதியாரும் நீர் எடுத்துக் குளிக்க வைத்தார் அய்யா. ஊருக்கே ஒரு கிணறு என்று ஆக்கியவரின் மக்கள், அண்ணன் தம்பிக்கு நடுவே கிணற்றுக்குச் சுவர் எழுப்பிக் கோர்ட்டுக்குப் போவதைக் காணும்போது வேறு என்ன சொல்வது.

வீட்டில் நன்றி சொல்வது எப்படி என்று சிலர் கேட்கக்கூடும். மனைவியிடம் நன்றி என்று சொன்னால் அவளே சிரித்துவிடுவாள், தமிழ் வீடுகளில் அப்படிப் பழக்கமில்லை. பழக்கமில்லாததால் குறை ஒன்றுமில்லை. நன்றிக்கு வீட்டில் வேறு சொற்கள் உண்டு. "கொழம்பு நல்லா இருந்தது." "நீ இரி, நான் எடுக்கேன்." "இன்னைக்கு ரொம்ப அலைஞ்சியா?" "நீ சாப்பிட்டியா?" இவை எல்லாம் நன்றியின் மறுபெயர்கள். செலவு கிடையாது. ஆனால் நாக்கு புரள மறுக்கும். சொன்னால் எதிராளிக்கு இளப்பமாகிவிடுமோ என்ற பயம் தடுக்கும்.

விசுவாசம் என்றால் என்ன என்பதற்கு அகிலம் ஒரு தாயைக் காட்டுகிறது. இருபது வயதைத் தாண்டிய மகன் முத்துக்குட்டி தீராத நோயில் விழுந்தார். வைத்தியம் எடுபடவில்லை. வெயிலாள் அம்மைக்குக் கனவில், மகனை மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் கொண்டு வா என்று உத்தரவு கிடைத்தது. எழுந்து நடக்க முடியாத மகனைத் தொட்டில் கட்டிச் சுமந்துகொண்டு உறவினரோடு புறப்பட்டார். இன்று பஸ்ஸில் சில மணி நேரத்தில் போகிற தூரம். அன்று மணலும் தேரியும் பனங்காடும். கூடங்குளத்தில் இளைப்பாறி உணவு கொண்டபோது, படுத்த படுக்கையாக வந்த மகன் எழுந்து தாமாகவே நடக்கத் தொடங்கினார். திருச்செந்தூர் சேர்ந்து கடலுக்குள் இறங்கியவர் கண்ணுக்கு மறைந்தார்.

கரையில் நின்ற தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். நோய் தீரும் என்று நம்பிச் சுமந்து வந்த பிள்ளையைக் கடல் கொண்டுபோய்விட்டது. "இதற்காகவா இத்தனை தூரம் தூக்கி வந்தாய்?" என்று கேட்க உறவில் ஆள் இல்லாமலா இருந்திருக்கும்! தேடினவர்கள் தளர்ந்தார்கள். தாய் அழுதார், ஆனால் கரையை விட்டு அகலவில்லை. மூன்றாம் நாள், கொல்லம் ஆண்டு 1008 மாசி 20ஆம் தேதி, 1833இல், கடலிலிருந்து வைகுண்டராக எழுந்தருளினார் அய்யா. மகனே என்று ஓடி வந்த தாயிடம், இதுவரை உனக்குப் பிள்ளை, இனி நாராயணர்க்குப் பிள்ளை என்ற பொருள்படச் சொன்னார். காத்திருந்ததற்குக் கிடைத்த பதில் அது! எந்தத் தாய் தாங்குவாள்? வெயிலாள் அம்மை தாங்கினார். அவர் சுமந்தது தமக்காக என்றிருந்தால் அந்த இடத்திலேயே உடைந்திருப்பார். தட்சணம் நோக்கி அய்யா நடந்த பாதையில் தாயும் நடந்தார். மாசி 20 தோறும் நாகர்கோவிலிலிருந்து சாமித்தோப்புக்குப் பல்லாயிரம் பேர் ஊர்வலமாக நடக்கிறார்களே, அந்தக் கூட்டத்தில் நோயுற்ற பிள்ளையைத் தோளில் போட்டு நடக்கும் தாய் ஒருத்தியாவது இருப்பாள். அவளைக் காண்பவர்களுக்கு வெயிலாள் அம்மையை நினைக்காமல் இருக்க முடியாது.

விசுவாசம் உள்ளவர் என்று ஊரில் பெயர் எடுப்பது எளிது. வெள்ளை உடுத்தித் தலைப்பாகை கட்டிப் பணிவிடைக்கு முன்வரிசையில் நின்றால் போதும். வீட்டில் நோயாளி ஒருவர் கிடக்கும்போது, கடன்காரன் வாசலில் நிற்கும்போது, பிள்ளை வழி தவறிப் போகும்போது, அந்த வீட்டுக்காரர் தம் மக்களிடம் பேசுகிற பேச்சே அவருடைய விசுவாசத்தின் அளவைச் சொல்லிவிடும். அய்யா உண்டு என்று உண்மையில் நம்புகிறவனுக்குப் பதற்றம் குறையும். பதற்றம் குறைந்தவனின் குரல் உயராது.

இனிய பேச்சு என்றதும் ஒரு தப்பான எண்ணம் புகுந்துவிடக் கூடாது. அநீதியைப் பொறுத்துக்கொண்டு வாய் மூடி இருப்பதற்கு இனிய பேச்சு என்று பெயரில்லை. குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனிடம் நீ அன்பாகப் பேசு, எல்லாம் சரியாகும் என்று ஒரு பெண்ணுக்குப் புத்தி சொல்லும் பெரியவர்கள் தாங்கல்களிலும் இருக்கிறார்கள். அய்யாவின் வழி அது இல்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய இனிய சொல், "நீ தனியாக இல்லை, வா" என்பது. அவனுக்குச் சொல்ல வேண்டியதை ஊர் கூடிச் சொல்ல வேண்டும்.

அய்யாவையே பார்க்கலாம். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அவரைப் பிடித்துத் திருவனந்தபுரம் கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். 112 நாள் சிறை. புலிக்கூண்டின் முன் நிறுத்தினார்கள். பட்ட துன்பத்துக்கெல்லாம் பழிச்சொல் பேசினார் என்று எங்கும் இல்லை. பொறுமையையே தம் மக்களுக்கும் போதித்தார். ஆனால் உன் சாதியாரோடு மட்டும் இருந்துகொள் என்று நிபந்தனை வைத்தபோது அதற்கு அவர் இசையவில்லை. நாக்கில் கடுமை இல்லை, நெஞ்சில் வளைவும் இல்லை. அரசன் முன்னே ஆயர் குலத்துப் பூவண்டர் அய்யாவுக்காக எடுத்துப் பேசியதையும் அகிலம் பதிந்து வைத்திருக்கிறது. சிறையில் இருப்பவருக்காக அரண்மனையில் ஒரு நல்ல வார்த்தை சொல்வது லேசான காரியமா? வீட்டிலும் அப்படி ஒருவர் வேண்டும். மருமகள் அறையில் இல்லாதபோது அவளைப் பற்றிக் குறை எழும்பினால், "அவ அப்படிச் செய்யமாட்டா" என்று ஒரு வார்த்தை சொல்ல ஒருவர் இருந்தால் எத்தனையோ குடும்பங்கள் பிளவுபடாமல் இருக்கும்.

இன்னொன்றையும் ஏடு கேட்கிறவர்கள் கவனிப்பதில்லை. 1841இல் அரிகோபாலன் சீடர் எழுதிய அகிலத்திரட்டு முழுவதும் யார் யாருக்குச் சொன்னது? நாராயணர் தம் தேவி இலட்சுமிக்குச் சொன்னதாகவே அது அமைந்திருக்கிறது. எட்டு யுகத்துச் செய்தியையும் உட்கார வைத்துப் பொறுமையாக மனைவியிடம் எடுத்துச் சொல்கிறார். "உனக்கென்ன தெரியும், நீ போய் அடுக்களையைப் பார்" என்று அவர் சொல்லவில்லை! உலகத்தைக் காப்பவருக்கு அதற்கு நேரம் இருந்திருக்கிறது. நாள் முழுதும் கடையில் வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசிவிட்டு, இரவு வீட்டில் "ம்" "ம்" என்று மட்டும் பதில் சொல்லும் கணவர்கள் பதினேழு நாள் திருஏடு வாசிப்புக்கும் தவறாமல் வந்து உட்காருகிறார்கள்.

அப்படி ஒரு திருஏடு வாசிப்பின்போது ஒரு சிற்றூர்த் தாங்கலில் நடந்ததாக ஒன்றைச் சொல்வார்கள். அங்கே ஒரு பாட்டி. எழுபது வயதைத் தாண்டியவர். தாங்கல் வாசலைக் கூட்டித் தெளிப்பது அவர் வேலை; யாரும் ஏவி அல்ல. வருகிற பிள்ளைகளை எல்லாம் "வா மக்ளே, நாமம் இட்டியா மக்ளே" என்று கொஞ்சுவார். இனிமம் கொடுக்கும்போது ஏழைப் பிள்ளைக்கு ஒரு கை கூடுதலாக விழும். ஊரில் அவரைத் தங்கம் என்பார்கள்.

வீட்டில் மருமகளை அவர் கூப்பிடுவது "ஏட்டி" என்று. வந்த பதினாறு வருடமாக அதுதான் பெயர். மருமகள் அண்டி ஆபீசில் முந்திரிப் பருப்புத் தோல் உரிக்கிற வேலைக்குப் போகிறவள். விரல் நுனி எப்போதும் கறுத்திருக்கும். மகன் கொத்தனார் வேலைக்குக் கேரளத்துக்குப் போய் மாதம் ஒருமுறை வருவான். பாட்டிக்குச் சர்க்கரை, பிரஷர். மாதந்தோறும் அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று மாத்திரை வாங்குவது மருமகள். ஒருமுறை பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தபோது ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய், பத்து நாள் கூலியை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடந்ததும் அவளே. அக்கம்பக்கத்தார் மெச்சினால் பாட்டி சொல்வது ஒன்றுதான்: "அது அவ செய்ய வேண்டியதுதானே."

பாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரை அவருடைய மாமியார் அழைத்ததும் அப்படித்தான். கேட்ட சொல்லைத்தான் அவர் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று ஏட்டில் வெயிலாள் அம்மை மகனைச் சுமந்து போகும் பகுதி வந்தது. படிப்பவர் ராகம் இழுத்துப் படிக்க, பக்கத்தில் இருந்தவர் பொருள் சொல்லிக்கொண்டு வந்தார். கடற்கரையில் தாய் நிற்கிற இடத்தில் பெண்கள் பக்கம் கண் துடைக்காதவர் இல்லை. பாட்டியும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பொருள் சொன்னவர் நடுவில் ஏட்டை விட்டுவிட்டு ஒன்று கேட்டார். "பெத்த மகனை அந்தத் தாய் சுமந்தா. சரி, பெறாத உங்களை வீட்டுல யாரு சுமக்கா? அவங்க பேரு உங்களுக்குத் தெரியுமா?" கேட்டுவிட்டு அவர் மறுபடி ஏட்டுக்குப் போய்விட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

வாசிப்பு முடிந்து பணிவிடை ஆனதும் இனிமம் கொடுக்கத் தொடங்கினார்கள். பாட்டி வழக்கம்போல வாளியோடு உட்கார்ந்தார். வரிசையில் பிள்ளைகள் வந்தார்கள், பெரியவர்கள் வந்தார்கள். கடைசியில் மருமகள் வந்தாள். வேலை விட்டு நேரே வந்தவள், வீட்டுக்குக்கூடப் போகவில்லை. இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். பாட்டி அந்தக் கையைப் பார்த்தார். கறுத்த விரல் நுனியில் தோல் உரிந்திருந்தது. பதினாறு வருடமாகத் தம் மாத்திரையை எடுத்துக் கொடுத்த கை.

கரண்டியில் எடுத்தது கரண்டியிலேயே நின்றது. பின்னால் யாரும் இல்லாததால் யாரும் அவசரப்படுத்தவில்லை.

"மக்ளே, மத்தியானம் கஞ்சி குடிச்சியா?"

மருமகள் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள். வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

மறுநாள் காலை குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதற்குப் பாட்டி "ஏட்டி" என்றுதான் கத்தினார். எழுபது வருட நாக்கு ஒரே ராத்திரியில் மாறுமா? கத்திவிட்டுச் சற்று நேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, ஒரு குடத்தை இடுப்பில் வைக்க முடியாமல் கையில் தொங்கவிட்டபடி, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு நடந்தார். மருமகள் ஓடிப்போய்க் குடத்தைப் பிடித்தாள். பாட்டி விடவில்லை. இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்கள்.